கதவின் அந்தப் பக்கம் நின்றவர்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், உங்க சர்வீஸ்ல எப்பவாச்சும் தப்பான பீஸுக்கு ஓகே போட்டிருக்கீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. தரப் பரிசோதனையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள், ஒரு நேரான கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் வந்திருக்கிறேன். போட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை. அது ஒரு போர்க்கப்பலுக்குப் போன சரக்கு. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்து, அதற்கு உதிரிப்பாகம் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் ஒரகடம் வரை முளைத்துக்கொண்டிருந்தன. எங்களுடையது ரப்பர் கம்பெனி. வல்லக்கோட்டைக்குப் போகிற சாலையில், சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஒரு தகரக் கூரை. எண்பது பேர் வேலை பார்த்தோம். கார்க் கதவைச் சுற்றி வருகிற ரப்பர் பட்டைதான் எங்கள் சோறு. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்து, அம்பத்தூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்து மூன்று வயதில் இங்கே தர ஆய்வாளராகச் சேர்ந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு வாடகை அறை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

எங்கள் முதலாளி எங்கெங்கோ அலைந்து ஒரு கடற்படை ஆர்டரைப் பிடித்து வந்தார். சின்ன ஆர்டர்தான். ஆனால் அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. கப்பலுக்குள் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் கனமான இரும்புக் கதவு இருக்கும். ஓர் அறையில் கடல் தண்ணீர் புகுந்தால் அந்தக் கதவை மூடிவிடுவார்கள். தண்ணீர் அந்த அறையோடு நின்றுவிடும், கப்பல் மிதக்கும். கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர். அதைத்தான் நாங்கள் செய்ய வேண்டும். பதினான்கு கதவுகள்.

வரைபடத்தில் கப்பலுக்குப் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருந்தது. சில மாதம் கழித்துத்தான் பெயர் தெரிந்தது. போர்க்கப்பலுக்கு ஆறு, மலை, ஊர் என்று பெயர் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதற்கு ஒரு மனிதரின் பெயர். இருபத்தேழு வயதில் கடலில் இறந்துபோன ஓர் அதிகாரி. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்கவில்லை. லெப்டினன்ட் என்றே சொல்கிறேன்.

இந்தச் சரக்கைப் பார்த்து ஒப்புக்கொள்ள வாராவாரம் வியாழக்கிழமை ஓர் ஆய்வாளர் வருவார். கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசர் என்கிற மூத்த மாலுமிப் பதவியில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை சீஃப் என்றே கூப்பிட்டோம். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிருக்கும். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். பல்லாவரத்தில் தனியாக இருந்தார். முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க நம்ம பக்கமா?" என்றார். நான் கோவில்பட்டி என்றதும், "அப்ப வெயிலப் பத்தி உங்ககிட்ட பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்து வேலையை ஆரம்பித்தார்.

கம்பெனியில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மற்ற ஆய்வாளர்கள் பத்துக்கு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கப்பல் பட்டறையிலிருந்து ஒரு பழைய கதவைச் சட்டத்தோடு லாரியில் கொண்டுவந்து எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் நட்டு வைத்திருந்தார். ரப்பரை அதில் பொருத்தி, சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸ் தடவி, கதவை மூடித் திறந்தால், ரப்பரில் வெள்ளைக் கோடு விழும். கோடு ஓரிடத்திலும் அறுபடக் கூடாது.

அந்தக் கதவை அவர் ஒருநாளும் தன் கையால் மூடியதில்லை. பிரஸ் ஆபரேட்டர் ஏழுமலையைக் கூப்பிடுவார். ஏழுமலை வடக்குப்பட்டுக்காரர். நிலம் வைத்திருந்த குடும்பம், மூன்று வருடமாக எங்களிடம் வேலை. என்னை விட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா மேடம், வாரா வாரம் நம்பளையே மூட சொல்றாரு. அவரு கைல இன்னா சுளுக்கா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அவரு மூஞ்சிய பாத்தீங்களா? நான் கைப்புடிய திருப்பறப்போ வேற பக்கம் பாத்துக்கினு நிக்கிறாரு" என்றார்.

நான் பார்த்திருந்தேன். வியாழக்கிழமைகளில் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்த நேரம் குறைவு. இதை இப்போது எழுதலாம், வயதாகிவிட்டது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை. கார் கம்பெனியிலிருந்து நான்கு பேர் தணிக்கைக்கு வந்திருந்தார்கள். நான் கையில் ஃபைல்களோடு அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஏழுமலை வழிமறித்து நின்றார்.

"மேடம், ரெண்டாம் நம்பர் பிரஸ்ஸு மேல் தட்டு சூடே ஏற மாட்டேங்குது. மீட்டர்ல சரியா காட்டுது, ஆனா கைய கிட்ட கொண்டு போனா தெரியுது."

அந்த பிரஸ்ஸில்தான் கப்பல் கதவு ரப்பரின் மூலைத் துண்டுகளை வார்த்துக்கொண்டிருந்தோம். மீட்டர் சரியாகக் காட்டுகிறதே என்ற ஒரு சமாதானம் போதுமானதாக இருந்தது எனக்கு. "ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் ஓட்டினார். அப்புறம் என்பது வரவே இல்லை.

ரப்பர் சரியாக வேகாவிட்டால் வெளியே தெரியாது. கறுப்பாக, பளபளப்பாக, எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அமுக்கினால் அமுங்கும். ஆனால் ரொம்ப நேரம் அமுங்கி இருந்துவிட்டால் திரும்ப எழுந்து வராது. அதற்கென்று ஒரு சோதனை உண்டு. பொத்தான் அளவுக்கு ரப்பர் வில்லைகளை இரண்டு தகடுகளுக்கு நடுவில் நெருக்கி, சூடான பெட்டிக்குள் வைத்து, ஏறக்குறைய ஒரு முழு நாள் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தணிக்கை அமளியில் அந்த வில்லைகளை நான் புதன்கிழமை உள்ளே வைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில்தான் வைத்தேன்.

வியாழக்கிழமை சீஃப் வந்தார். சாக்பீஸ் கோடு அழகாக விழுந்தது, புதிதில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வாசலில் லாரி நின்றது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பட்டறையில் கதவுகளை மாட்டுவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். முதலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அதற்கு முன்னால் போன ஐந்து கதவுகளின் சோதனை முடிவுகள் என் மேஜையில் இருந்தன. எல்லாம் ஏறத்தாழ ஒரே எண். அதே மாதிரி ஓர் எண்ணை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

சீஃப் தாளைப் பார்த்தார். "டெஸ்ட் முடிஞ்சிட்டாம்மா?"

"முடிஞ்சது சார்."

அவரும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். தகடுகளைக் கழற்றினேன். வில்லைகள் எழுந்திருக்கவில்லை. நெருக்கி வைத்த கனத்திலேயே தட்டையாகக் கிடந்தன. மூன்று முறை அளந்தேன். அளக்கிற கருவி தப்பாக இருக்கும் என்று இன்னொரு கருவியால் அளந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். அப்போது மனசு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் எனக்கு ஐந்து காரணங்கள் கிடைத்துவிட்டன. வில்லை மட்டும் கெட்டுப் போயிருக்கலாம், சரக்கு நன்றாக இருக்கலாம், இப்படி. ஐந்தையும் நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கோமதி, யோசிச்சுப் பாரு. அது ஆபத்துக்கு மூடுற கதவு. பத்து வருஷத்துல ஒரு தடவை கூட மூட வேண்டி வராது. அதுக்குள்ள ரப்பரை அவங்களே மாத்திடுவாங்க. கார் கம்பெனி காதுக்கு இது போனா நம்ம பேரு என்ன ஆகும்? எண்பது குடும்பம் இருக்கு. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். விடு."

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஷெட்டுக்குள் ஏழுமலை அதே பிரஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். அன்று காலைதான் எலக்ட்ரீஷியன் வந்து மேல் தட்டைச் சரிசெய்திருந்தான். "இப்ப நல்லா ஏறுது மேடம்" என்று சிரித்தார். புதன்கிழமையே அவர் வந்து சொன்னார், சொன்ன பிறகும் நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

ஆபீஸ் போனைத் தொடவில்லை. சாலைக்கு வந்து, கூட்டுரோட்டில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு நடந்து போனேன். சீஃப் எடுத்தார்.

"சார், நேத்து போன சரக்குல மூலைத் துண்டு எல்லாம் வேகல."

பூத்தின் மீட்டரில் எண் மட்டும் ஓடியது.

"எத்தன கதவு?"

"ஒம்பது சார்."

"டெஸ்ட் முடிஞ்சிட்டுன்னு சொன்னிய."

"பொய் சொன்னேன் சார்."

"அங்கனயே இருங்க. வாரேன்."

ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். முதலாளியின் முகம் மாறிப்போயிருந்தது. ஏழுமலையை வரச் சொன்னார். "ஆபரேட்டர் பண்ண வேலை சார். சூடு ஏறாத பிரஸ்ஸுல ஓட்டியிருக்கான். இன்னியோட நிறுத்திடறேன்" என்றார். ஏழுமலை என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். நான்தான் ஓட்டச் சொன்னேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் புதன்கிழமையே வந்து சொன்னார். நான்தான் ஓட்டுங்கன்னு சொன்னேன். டெஸ்ட் முடியாம நம்பர் எழுதினதும் நான்தான்" என்றேன்.

சீஃப் முதலாளியைப் பார்த்தார். "அந்தத் தாளுல என் கையெழுத்தும் இருக்குல்லா சார். நான் பெட்டியத் தொறந்து பாத்திருக்கணும், பாக்கல. யாரையும் நிறுத்த வேண்டாம். ஒம்பது கதவுலயும் ரப்பர உரிச்சு எடுக்கச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். அடுத்த வாரம் கப்பல் மொத தடவ கடலுக்குப் போகுது. புதுசு எப்ப தருவிய?"

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஏழுமலை மூலைகளை வார்த்தார், நான் பக்கத்தில் நின்று தட்டின் சூட்டை அளந்தேன். பதினோரு மணிக்கு வில்லைகள் பெட்டிக்குள் போயின. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் எடுக்கலாம். பட்டறையிலிருந்து மணிக்கு ஒரு போன். முதலாளி வந்து, "நாலு மணி நேரத்துல எடுத்துப் பாத்தா தெரியாதா கோமதி? உன் அனுபவத்துக்கு?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவசரத்தில் நம்மைத் தப்புப் பண்ண வைப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் புகழ்ந்துதான் வருவார்கள். முடியாது என்று சொன்னேன். சீஃப் ஒரு ஸ்டூலை இழுத்து அந்தப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு முதலாளி வரவில்லை.

மதியத்துக்கு மேல் ஷெட்டில் ஆளில்லை. ஏழுமலை வல்லக்கோட்டைக்கு சைக்கிளில் போய் முருகனைப் பார்த்துவிட்டு விபூதியோடு வந்தார். எனக்குத் தந்தார். சீஃப் கிறிஸ்தவர் என்று தெரிந்ததால் தயங்கினார். சீஃப் தானே கையை நீட்டி வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் பேச ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

"நான் அப்ப சீஃப் ஆகல. எங்க கப்பல் சின்னது. அறுவது பேரு. கரையில இருந்து ரொம்பத் தூரம். எஞ்சின் அறையில கடத்தண்ணிக் குழாய் ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த வேகத்த நீங்க பாத்திருக்க மாட்டிய. உள்ள ரெண்டு பயலுவ மாட்டிக்கிட்டானுவ. லெப்டினன்ட் எறங்கி ரெண்டு பேரையும் கதவு வழியா எங்கிட்ட தள்ளிவிட்டாரு. மூடணும். மூடுனா ஒரு மூல மட்டும் உக்கார மாட்டேங்கு. ரப்பரு செத்துக் கெடக்கு. அந்த இடுக்கு வழியா தண்ணி பீச்சியடிக்கு. கைப்பிடி திரும்ப மாட்டேங்கு."

அவர் பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் நின்னு ஒருத்தர் தோளக் குடுத்து அழுத்திப் பிடிச்சாத்தான் இந்தப் பக்கம் கைப்பிடி திரும்பும். அவரு அந்தப் பக்கம் போய்ட்டாரு. 'நான் பிடிச்சிக்கிடுதேன், நீ திருப்பு. எனக்கு மேல ஏணி இருக்கு, அது வழியா வந்துருவேன்'ன்னாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. நான் திருப்புனேன். எட்டுக் கைப்பிடி. ஒண்ணொண்ணாத் திருப்புனேன். பொறவு ஓடிப்போயி ஏணிக்கு மேல இருக்க மூடியத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். தண்ணிதான் மேல வந்துது."

ஏழுமலை மெதுவாகக் கேட்டார். "அதான் சார் நீங்க கதவ மூட்றதில்லியா?"

சீஃப் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரப்பர் பழசுன்னுதான் எல்லாரும் நெனைப்பாவ. இல்ல. மாத்தி நாலு மாசந்தான் ஆச்சு. எங்கயோ ஒரு கம்பெனியில யாரோ ஒருத்தர் நல்லாருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. இத்தன வருசமா மனசுக்குள்ள அவர ஏசிக்கிட்டேதான் இருக்கேன். அவரு போன் பண்ணல கோமதி. நீங்க பண்ணிட்டிய."

நான் அழுதேன். அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன்: "அவங்க வீட்டாளுக எங்க இருக்காங்க சார்?"

"தாம்பரத்துல. அம்மாவும் தங்கச்சியும்."

"நீங்க பல்லாவரம்."

"ஆமா. மூணு ஸ்டேஷன்."

"பாத்திருக்கீங்களா?"

"தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன். நெறைய தடவ."

ஞாயிறு காலை வில்லைகள் எழுந்து வந்தன. சரக்கு போயிற்று. என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இரண்டு மாதம் முதலாளி என்னிடம் நேராகப் பேசவில்லை, அவ்வளவுதான். கடற்படை ஆர்டர் திரும்ப வரவில்லை. கார் கம்பெனிக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர்கள் எங்களிடம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்பது குடும்பமும் இருந்தது.

கப்பலைக் கடற்படையில் சேர்க்கிற விழா அடுத்த வருடம் வேறு ஊரில் நடந்தது. கம்பெனிக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது, முதலாளி போனார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். இடமில்லை என்றார். சீஃப்புக்கும் அழைப்பு வந்திருந்தது. அவர் போகவில்லை.

விழா நடந்த அன்று ஒரு வியாழக்கிழமை. ஆர்டர் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அவர் நிற்கிறார். வேலை ஒன்றும் இல்லை, சும்மா வந்தேன் என்றார். வல்லக்கோட்டைச் சாலையில் ஒரு கடையில் டீ குடித்தோம். வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப கொடி ஏத்தியிருப்பாவ" என்றார்.

"போயிருக்கலாமே சார்."

"முன்வரிசையில அவங்க அம்மா இருப்பாவ. எப்படிப் போக?"

நான் அந்தக் கப்பலைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் லாரியும் இருக்கிற சாலையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் அந்தக் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அவர் எழுந்து டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வியாழக்கிழமையும், அதற்கடுத்த வியாழக்கிழமையும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன்.

மூன்று வருடம் போயிற்று. எப்போதாவது போனில் பேசுவார், நலம் விசாரிப்பார், வைத்துவிடுவார். ஒருநாள் கம்பெனிக்குப் போன் வந்தது.

"கோமதி, கப்பல் மெட்ராஸ் வருது. ஞாயித்துக்கெழம பொதுமக்களுக்குத் தொறந்து விடுதாவ. பாக்கணும்னு ஆசப்பட்டியள்லா?"

"வாறேன் சார்" என்றேன், அவர் முடிப்பதற்குள்.

"இன்னொண்ணு. லெப்டினன்ட் தங்கச்சிக்கு லெட்டர் போட்டிருக்கேன். அவங்களும் வாராங்க. நீங்க அன்னைக்கு பூத்துல இருந்து சொன்னது என் காதுலயே கெடக்கு. ஒரு நாளு கூட நீங்க அத வச்சிக்கிட்டு இருக்கல. எனக்குப் பதினெட்டு வருசம் ஆச்சு. நான் சொல்லணும். நீங்க பக்கத்துல நிக்கணும்."

துறைமுகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கப்பல் நான் நினைத்ததை விடச் சின்னது. சாம்பல் நிறம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் லெப்டினன்டின் பெயர். கரையிலிருந்து போட்டிருந்த பலகையில் சீஃப்போடு ஏறி உள்ளே போகிற வழியில் முதல் கதவு சுவரோடு சேர்த்துத் திறந்து மாட்டப்பட்டிருந்தது. குனிந்து மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விட்டதும் எழுந்து வந்தது. வயதான ஒருவர் பின்னால் நின்று, "நகரும்மா, வழி விடு" என்றார்.

உள்ளே நடைவழியில் லெப்டினன்டின் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். காட்டன் புடவை, கையில் மடக்கிய குடை. பள்ளிக்கூட ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. மூன்று பேரும் பின்பக்க டெக்குக்குப் போனோம். சீஃப் விறைப்பாக, அதிகாரி முன்னால் நிற்பது போல நின்றார்.

"அம்மா, அன்னைக்கு அந்தக் கதவ மூடுனது நான்தாம்மா. அவர உள்ள வச்சி மூடுனது."

"தெரியும் சார்" என்றார் அவர்.

சீஃப்புக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"கடற்படையிலேருந்து எங்களுக்கு வந்த கடிதத்துல எல்லாம் எழுதியிருந்தாங்க. உங்க பேரும் இருந்துச்சு. அம்மா உங்க பேரை அடிக்கடி சொல்வாங்க. அவனைக் கடைசியாப் பார்த்தவர்னு."

"கோவமா இருந்தாங்களா?"

"கோவமா? நீங்க என்னைக்காவது வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க சார். விலாசம் கேட்டு ஒரு தடவை எழுதிக்கூடப் பார்த்தோம், பதில் வரல. இந்தக் கப்பலோட விழாவுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கொடி ஏத்துறதைப் பார்க்கவே இல்ல. யாரு எதிர்ல வந்தாலும் என் கையைப் புடிச்சு, 'இவரா பாரு, இவரா இருக்குமா'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

சீஃப் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவ... அம்மாவ நான் இப்ப வந்து பாக்கட்டா?"

"அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார்."

மூன்று ஸ்டேஷன் தூரம் என்று அவர் சொன்னது எனக்குள் ஓடியது. அவர் பயந்தது ஒரு தாயின் கோபத்துக்கு. அங்கே கோபமே இருக்கவில்லை. இளம் தோழர்களே, உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று நாம் போடுகிற கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று அந்த டெக்கில் நின்று கற்றுக்கொண்டேன்.

அந்தப் பெண் கயிறு கட்டுகிற ஓர் இரும்புக் கட்டை மீது உட்கார்ந்தார். சீஃப்பையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா உங்ககிட்ட கேட்கணும்னு வச்சிருந்ததை நான் கேட்கலாமா சார்?"

"கேளுங்கம்மா."

"அன்னைக்கு அவன் சாப்பிட்டிருந்தானா?"

சீஃப்பின் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. பிறகு சொன்னார்.

"சாப்பிட்டாரும்மா. நல்லாச் சாப்பிட்டாரு. அன்னைக்கு எங்க மெஸ்ஸுல நான்தான் மீன் கொழம்பு வச்சேன். ஆபீசருக்குத் தனி மெஸ்ஸு, ஆனா வாசம் பிடிச்சு வந்துட்டாரு. தட்ட நீட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, ஒரப்பு கம்மின்னு என்னயக் கேலி பண்ணுனாரு..."

நான் மெல்ல நகர்ந்து நடைவழிக்கு வந்துவிட்டேன். காற்றில் அவர்கள் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. ஒருமுறை அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் வந்தது, பிறகு சத்தமே இல்லை, பிறகு சீஃப்பின் குரல் திரும்பவும் ஆரம்பித்தது. கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள்.

இருபது வயதுகூட இருக்காது, ஒரு மாலுமிப் பையன் என்னிடம் வந்தான். மதுரைப் பக்கத்துப் பேச்சு. "டைம் முடிஞ்சிருச்சு மேடம். பின்னாடி உக்காந்திருக்கவங்கள எறங்கச் சொல்றீங்களா?"

"அந்தம்மா இவரோட தங்கச்சி" என்று படத்தைக் காட்டினேன்.

அவன் படத்தைப் பார்த்தான். திரும்பி டெக்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தான். திரும்பவும் படத்தைப் பார்த்தான். தினமும் அதைக் கடந்துதான் போயிருப்பான். மூக்கு இருவருக்கும் ஒன்றுபோல இருந்தது. பின்பக்கம் போகிற வழியில் தொங்கிய சங்கிலியை எடுத்துக் குறுக்கே மாட்டினான், வேறு யாரும் அந்தப் பக்கம் போய்விடாதபடி.

"மெதுவா வரட்டும் மேடம்" என்றான்.